மடிப்புக்குள் வெள்ளை

நீதான் அறுத்தாய். வேறு எவனும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்திய புத்தகம் அது. ஜப்பானில் எவனோ மரப்பலகையில் எழுத்தும் படமுமாகச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தது. கப்பலேறி வந்து, கறையானுக்கும் ஐப்பசி மழைக்கும் தப்பி, ஆறு பாகமும் குலையாமல் நின்றது. உன் கையில் ஒரே ஒரு மத்தியானம் இருந்தது. முதல் பாகம் முழுக்க, இரண்டாம் பாகத்தில் பதிமூன்று தாள், கோழிக் கழுத்தை அறுக்கிற மாதிரி நெடுக அறுத்துப் போட்டுவிட்டு, இருபத்திரண்டு வருஷமாக ஒன்றுமறியாதவன் போலச் சோறு தின்று, ஏப்பம் விட்டு, மாசம் ஒருதரம் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு திரிகிறாய். உன் பெயரை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சத்தம் வரும், இது தாம்பரம் வண்டி, எதிர் சீட்டில் ஒரு அம்மாள் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள், உதடு அசைந்திருக்கும் போலிருக்கிறது. பார்க்கட்டும். பகல் பன்னிரண்டு மணி வண்டியில் வேலைவெட்டி உள்ளவன் எவன் வருவான், இவள் மட்டும் எதற்கு வருகிறாள், மடியில் அந்தப் பையை எதற்கு அப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறாள்.

எழும்பூர் தாண்டிவிட்டது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், காகிதம் இருக்கிறது. காலையில் கம்ப்யூட்டர் கடையில் நானே சொல்லச் சொல்ல அடித்து வாங்கியது. 'பாக்கியநாதன் ஆகிய நான், மேற்படி ஜப்பானிய நூலின் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தில் பதிமூன்று தாள்களையும், பைண்டிங் வேலையின்போது கவனக்குறைவால் வெட்டிவிட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கவனக்குறைவால் என்கிற சொல் நான் போட்டது. அடித்த பெண் கேட்கவில்லை, எவனும் கேட்கவில்லை, நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன். வியாபாரத்தில் கடைசியாக ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல் வேண்டும், அப்போதுதான் எதிராளி சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவான். பாக்கியநாதன் குரோம்பேட்டையில் இருக்கிறான். சென்ட்ரலுக்குப் பின்னால் எங்கள் பழைய புத்தகச் சந்தில் அவனைப்போல பைண்டர் கிடையாது, மிஷன் அச்சகத்தில் தொழில் படித்தவன், கையில் பசை ஒட்டியிருந்ததை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. இப்போது கல்யாண ஆல்பத்துக்கு அட்டை ஒட்டுகிறானாம். காலையில் போன் பண்ணினேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம். 'யாரு, அண்ணாச்சியா' என்றான், நேற்றுச் சாயந்திரம் பேசிவிட்டு வைத்தவன் மாதிரி. விஷயத்தைச் சொன்னேன். 'கையெழுத்துதானே, வாங்க அண்ணாச்சி.' பின்னால் அவன் பெண்டாட்டி ஜெபசீலி குரல் கேட்டது. 'யாரு, அந்தாளா? அந்த மனுசனுக்கு இன்னும் என்ன வேணுமாம்? போனை வைங்கன்னா வைங்க!' அவள் கத்தியது நியாயம், கத்துகிறவளை எனக்குப் புரியும். இவன் கத்தவில்லையே, அதுதான் இடிக்கிறது. அன்றைக்கும் கத்தவில்லை. குற்றம் செய்யாதவன் கத்தத்தானே செய்வான்? நான் என்றால் சந்தையே கூடுகிற மாதிரி கத்தியிருப்பேன். கத்தாதவனிடம் ஏதோ இருக்கிறது. ஏதோ ஒளித்து வைத்திருக்கிறான். அதைத்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன், சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் தடுக்குகிறது.

நுங்கம்பாக்கம். ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். எல்லாம் அந்த ஜப்பான்காரப் பெண்ணால் வந்த வினை. செட்சுகோ. அவள் நாட்டு நூலகத்துக்கு அந்த ஆறு பாகத்தையும் வாங்க வந்தவள், புத்தகத் தமிழ் பேசுகிறவள், எங்கேயோ கல்லூரியில் படித்தாளாம். நாலு நாளாக என் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கை கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். வாங்க வந்தவள் பொருளை இவ்வளவு மரியாதையாகத் தொட்டால் எனக்குச் சந்தேகம் வரும். விலையை இறக்கப்போகிறவள்தான் முதலில் கும்பிடு போடுவாள். ஆனால் இவள் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் தலை நிமிர்ந்தாள். 'கனி ஐயா, இதை வெட்டியவர் யார்?' என் பெயர் தவசிக்கனி, அவள் வாய்க்குக் கனிதான் வந்தது. 'பைண்டர்' என்றேன். யோசிக்கவே இல்லை, அந்தச் சொல் என் வாயில் தயாராகவே இருக்கும். அப்போதுதான் சொன்னாள், அந்தக் காலத்து ஜப்பான் புத்தகத்தில் தாள் மெல்லிசு, அதனால் ஒரு பக்கம் மட்டும் அச்சடிப்பார்களாம், வெள்ளைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி நடுவில் மடிப்பார்களாம், மடிப்பு வெளி ஓரத்துக்கு வரும், திறந்த ஓரங்கள் இரண்டும் முதுகில் தைக்கப்பட்டிருக்கும். அதாவது ஒவ்வொரு தாளும் ஒரு மூடின பை. நூலின் பெயரும் பக்க எண்ணும் அந்த மடிப்பின் மேலேயே நெடுக அச்சாகியிருக்கும். கத்தி சரியாக அதன் நடுவே ஓடியிருந்தது. புத்தகத்தின் பெயரே இரண்டாகப் பிளந்து, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். 'உள்ளே ஒன்றும் இல்லை, ஐயா. மடிப்புதான் தாளைத் தாங்கும் எலும்பு' என்றாள். அவர்கள் நூலகத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சரித்திரத் தாள் உண்டாம். என்ன அடிபட்டது, யார் கையால், எப்போது, எல்லாம் எழுதுவார்களாம், காட்சிக்கு வைக்கும்போது கண்ணாடிப் பெட்டியில் அந்தத் தாளையும் பக்கத்தில் வைப்பார்களாம். 'தவறாக எண்ண வேண்டாம். பழி சொல்வதற்காக அல்ல. நூலுக்கு உண்மை தெரிய வேண்டும்.' நூலுக்கு உண்மை தெரியணுமாம்! சரி, எழுதிக்கோ, பாக்கியநாதன் என்றேன். எழுதாமல் பேனாவை வைத்துவிட்டாள். அவர் கையால் ஒரு வரி வேண்டும் என்றாள். அப்புறம் இரண்டாம் பாகத்தைப் பதினாலாம் தாளில் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். 'ஐயா, இவர் ஏன் இங்கே நிறுத்தினார்?'

ஏன் நிறுத்தினான். மாம்பலம் வந்துவிட்டது, இந்தக் கேள்வி மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது. பைண்டர் என்றால் மிஷினில் வைத்து ஆறு பாகத்தையும் ஒரே அழுத்தில் வெட்டியிருப்பான், பாதியில் எதற்கு நிறுத்துவான்? அவள் அதைத்தான் கேட்டாள், பணிவாகக் கேட்டாள், பணிவாகக் கேட்கிறவள் பதில் தெரிந்துகொண்டுதான் கேட்பாள். பதினாலாம் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே சொல்லத் தெரியும். அந்த ஆறு பாகமும் ஒரு சாலையைப் பற்றியது. கடலோரமாகப் போகிற சாலை, ஊர் ஊராக, தங்கல் தங்கலாக. இந்த ஊரில் இந்தக் கோயில், அந்த ஊரில் அந்த அருவி, இன்ன பாலத்தடியில் இன்ன பலகாரம் நன்றாயிருக்கும் என்று. போகிறவன் வழி பார்க்க, போக முடியாதவன் வீட்டிலிருந்தே கண்ணால் போய்வர. பறவை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி படம், அதில் எறும்பு எறும்பாய் மனிதர்கள், குடை பிடித்தவன், குதிரையோடு மல்லுக்கட்டுகிறவன், கடைக்காரியோடு பல்லிளிக்கிறவன். எல்லாம் அழகுதான். ஆனால் படத்துக்குப் படம் குறுக்கே மேகம். பட்டை பட்டையாக, விரலை நீட்டி வைத்த மாதிரி. நிஜ மேகம் கோயில் வாசலுக்கு இறங்கி வருமா? முதல் நாளே பிடித்துவிட்டேன். போய்ப் பார்க்காத இடத்தின் மேல் மேகத்தைப் போட்டிருக்கிறான் அந்தப் படக்காரன். அது என் வேலை. அட்டை கிழிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் நான் புத்தகத்தை நீட்டுவேன், வாங்குகிறவன் படத்தைப் பார்ப்பான், விரலைப் பார்க்கமாட்டான். பதினாலாம் தாளில் மட்டும் மேகம் இல்லை. ஒரு பாலம், பாலத்தடியில் மாட்டுச் சந்தை, நடுவில் இரண்டு பேர். ஒருத்தன் கை இன்னொருத்தன் சட்டைக் கைக்குள் போயிருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அய்யா மாட்டுத் தரகர், எட்டயபுரம் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார், வெளியே வெற்றிலை, வேடிக்கை, மழை பெய்யுமா என்கிற பேச்சு. ஜப்பானில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அய்யா. அதைப் பார்த்ததும் கத்தி நின்றது. யார் கத்தி என்று சொல்லவில்லை. நின்றது, அவ்வளவுதான்.

சைதாப்பேட்டையில் கொய்யாக்காரி ஏறினாள். கூடையை என் முழங்காலில் இடித்து வைத்துவிட்டு, 'அண்ணே, தேன் மாதிரி இருக்கும், நாலு எடுத்துக்கோ' என்றாள். தேன் மாதிரி என்று சொல்கிற பழத்தை நான் வாங்கியதே இல்லை. மேலே பச்சையாக அடுக்கியிருந்தாள், அடியில் என்ன இருக்கிறது என்று கையை விட்டுத் துழாவினேன். ஒன்றை எடுத்தேன், காம்பைப் பார்த்தேன், திருப்பினேன், அமுக்கினேன், வைத்தேன், இன்னொன்று. 'என்னண்ணே, பொண்ணா பாக்குற? இப்படித் திருப்பித் திருப்பி அமுக்குனா நல்ல பழமும் கன்னிப்போயிரும். நீ வாங்காமப் போயிருவ, நான் யார்கிட்ட விப்பேன்?' எதிர் சீட்டு அம்மாள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. 'உள்ள புழு இருந்தா?' என்றேன். 'புழு இருந்தா எனக்கு மட்டும் தெரியுமா? நானா உள்ள போயி உக்காந்திருந்தேன்?' என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் கத்தியை வைத்துச் சரக்கென்று பிளந்து, இரண்டு பாதியையும் என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். 'பாரு. நல்லாப் பாத்துக்கோ. என்ன இருக்கு?' ஒன்றும் இல்லை. வெள்ளை. சுத்த வெள்ளை. 'இனிமே இதை நீதான் வாங்கணும், வெட்டினது வெட்டினதுதான்' என்று உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினாள். கையை நீட்டினேன். 'பழம் வாங்குறதுக்கும் இடது கைதானா?' என்று அதற்கும் ஒரு பேச்சு. பிறந்ததிலிருந்தே எனக்கு இடது கைதான், வாத்தியார் பிரம்பால் அடித்தும் மாறவில்லை. அவள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். நான் பாதிப் பழத்தைப் பிடித்துக்கொண்டு கிண்டி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிக்க வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், மத்தியானம், சந்தில் ஒருத்தர் கடையும் திறக்கவில்லை, வெடிக் காகிதம் தரையெல்லாம் சிவப்பாய்க் கிடந்தது. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது மூட்டையோடு வந்தது அந்த ஆறு பாகம். பிரித்தேன். தாளின் ஓரத்தைத் தொட்டால் தடிப்பாக, மூடியிருந்தது. ஒவ்வொரு தாளும் மூடியிருந்தது. எனக்குப் பதினாறு வயதில் நடந்தது அந்த நிமிஷம் ஞாபகம் வந்தது. ஒட்டியிருந்த இரண்டு தாளைப் பிரிக்காமல் ஒரு பழைய நோட்டை விற்றேன், வாங்கினவன் என் கண் எதிரே எச்சில் தொட்டுப் பிரித்தான், உள்ளேயிருந்து வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் கடிதம் விழுந்தது, 'வாரேன் தம்பி' என்று சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன், மூடின எதுவும் மூடினபடி என் கடையை விட்டு வெளியே போகாது. வெள்ளைக்காரன் புத்தகத்திலும் சிலதில் ஓரம் மூடியிருக்கும், கத்தி வைத்துப் பிரித்துத்தான் படிக்க வேண்டும், அதற்கென்றே ஒரு தந்தக் கத்தி வைத்திருந்தேன். எடுத்தேன். இடது கையில். முதல் தாள், கீழேயிருந்து மேலே. உள்ளே வெள்ளை. அடுத்ததில் இருக்கும் என்று அடுத்தது. வெள்ளை. இவ்வளவு பத்திரமாக மூடினவன் சும்மாவா மூடியிருப்பான்? பத்தாவதில் இல்லை, இருபதாவதில் இல்லை, எனக்கு வெறி பிடித்துவிட்டது, படம் வரைந்தவன் செத்து இருநூறு வருஷம் கழித்தும் என்னை ஏமாற்றுகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன். ஆமாம், அறுத்தேன். நான்தான். நீ என்றாலும் நான் என்றாலும் கை ஒன்றுதான், அதில் ஒட்டியிருந்த பழுப்புத் தூசி ஒன்றுதான். அய்யாவின் சந்தை வந்ததும் நின்றேன். அந்த இரண்டு பேரையும் அறுக்கக் கை வரவில்லை. அன்று சாயந்திரமே தையல் நூல் மாற்ற ஆறு பாகத்தையும் பாக்கியநாதனிடம் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தான், கடையில் கூட்டம், ஒரு கல்லூரி வாத்தியார் முதல் பாகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அடப் பாவி, இதை எவன் அறுத்தது?' என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்தது. 'பைண்டர்தான்.'

அது வாயில் வந்த முதல் சொல். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு, முதலில் சொன்ன சொல்லிலிருந்து, எதிராளி அசையாதவரைக்கும் நாம் அசையக்கூடாது. அசைந்தால் அத்தோடு உன் பேச்சுக்கு மதிப்பு போச்சு, நாளைக்கு எவனும் உன் கடைக்கு முன்னால் நின்று பேசமாட்டான். பாக்கியநாதன் மீதி ஐந்து பாகத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், நான் கொஞ்சம் இறங்கியிருப்பேன், அவன் கொஞ்சம் ஏறியிருப்பான், எங்கேயோ ஒரு இடத்தில் முடிந்திருக்கும். அவன் அசையவில்லை. அதனால் நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன், 'உன் கையை வெட்டணும்டா' என்று. 'சரிங்க அண்ணாச்சி' என்றான். புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். கொண்டுவந்த துணிப்பையைக்கூட எடுக்கவில்லை, அது இன்னும் என் கடை ஆணியில் தொங்குகிறது, ஏன் தொங்குகிறது என்று நான் யாரையும் கேட்கவிட்டதில்லை. அப்புறம் சந்தில் அவனுக்குப் பெயரே 'அறுத்த பாக்கியம்' என்று ஆகிவிட்டது. ஒருத்தன் வேலை கொடுக்கவில்லை. இப்போது அந்தப் பெயர் ஜப்பானுக்குப் போகப்போகிறது, கண்ணாடிப் பெட்டிக்குள், அய்யாவின் சந்தைக்குப் பக்கத்தில். பல்லாவரம் தாண்டிவிட்டது. இவன் ஏன் காலையில் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டான்? என்ன திட்டம்? வக்கீலைக் கூட்டிவைத்திருப்பானா? ஜெபசீலி தெருவைத் திரட்டி வைத்திருப்பாளா? இருந்தால் நல்லது. கத்தினால் நல்லது. நாலு பேர் சட்டையைப் பிடித்தால் எனக்கு ஒரு வழி கிடைக்கும்.

குரோம்பேட்டை. இறங்கினேன். ஒருத்தரும் திரண்டிருக்கவில்லை. பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் கறுப்புக் குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான், முடி முழுக்க வெள்ளை, சாயம் கிடையாது. எழுந்தான். 'வாங்க அண்ணாச்சி. வெயில்ல வீடு வரைக்கும் எதுக்கு? அவ ஏதாவது கத்துவா, உங்களுக்கு அது எதுக்கு. இங்கயே போட்டுத் தந்துர்றேன்.' சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவனே கொண்டுவந்திருந்தான். காகிதத்தை நீட்டினேன். கொய்யாவின் உப்பு அதில் பட்டிருந்தது, ஊதிவிட்டான். குடையை மடியில் வைத்து அதன்மேல் காகிதத்தை வைத்தான். 'எங்க போடணும்?' 'படிக்கலையா?' என்றேன். 'எதுக்கு? தெரிஞ்ச கதைதானே.' என் சந்தேகம் விடவில்லை. 'என்னத்தைத் தெரியும் உனக்கு?' என்று அதட்டினேன். நிமிர்ந்து பார்த்தான், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. 'கட்டைப் பிரிச்சப்பவே பாத்தேன் அண்ணாச்சி. பிசிறு எந்தப் பக்கம் சாயுதுன்னு பைண்டருக்குத் தெரியாதா? இடது கைக் கத்தி. நீங்களே சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். அப்புறம் ஆல்பம் வேலை வந்துருச்சு.' சொல்லிவிட்டுச் சிரித்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டான். அவ்வளவுதான், அவனுக்குள் இருந்ததும் இதுதான், இருபத்திரண்டு வருஷமாக நான் குடைந்து குடைந்து தேடினதும் இதுதான், திறந்தால் வெள்ளை. தாம்பரம் வண்டி கிளம்பிப் போய்விட்டது. முனை காகிதத்தைத் தொடப்போகிறது. இன்னும் என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? அவன் அசையமாட்டான், அசையவேண்டியவன் அவன் இல்லை. பிடி அந்தக் கையை. பேனாவை வாங்கு. இடது கையாலேயே வாங்கு. கவனக்குறைவால் என்பதைக் கோடு போட்டு அடி, அவன் பெயரை அடி, எந்த மத்தியானம், எந்தக் கத்தி, எதற்காக அறுத்தாய், எந்தப் படத்தில் நின்றாய், எல்லாவற்றையும் எழுதிக் கீழே உன் பெயரைப் போடு. நாளைக்கு அந்தத் துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு சந்து நடுவில் நின்று, அன்றைக்குக் கத்தின அதே சத்தத்தில் கத்து. முதல் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள். மதிப்பு போனால் போகட்டும். டேய், உன்னைத்தான் சொல்கிறேன், எழுது.